நெஞ்செரிச்சல் தானா நின்னுடுச்சு, அப்புறமும் குழாய் விட்டுப் பாக்கணுமா?

கேள்வி, 2024 பிப்ரவரி 11

எனக்கு 51 வயசு, ஊர் நெய்வேலி பக்கம். பத்து பன்னெண்டு வருஷமா நெஞ்செரிச்சல், ஆசிட்ட அடக்கற பேன் 40 மாத்திரை போட்டு ஓட்டிக்கிட்டு இருந்தேன். இப்ப ஆறு மாசமா எரிச்சலே இல்ல, மாத்திரையும் விட்டாச்சு. வேற எதுக்கோ டாக்டர்கிட்ட போனா, இத்தன வருஷம் இருந்திருக்கே, ஒரு எண்டோஸ்கோபி பாத்துடுங்கன்றார். இருந்தப்போ பாக்காதத இல்லாதப்போ எதுக்கு பாக்கணும்? காசு புடுங்கற வேலைதானே இது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பதில், பிப்ரவரி 11, ராத்திரி 10.40

உங்க டாக்டர் காசு புடுங்கறாரா இல்லையான்னு எனக்கு தெரியாது. ஆனா எரிச்சல் நின்னுடுச்சுன்னு நீங்க சந்தோஷமா சொல்ற எடத்துலதான் எனக்கு வயித்த கலக்குது. இதே வார்த்தைய 2019ல எங்க வீட்ல நானும் சொன்னேன். பதினஞ்சு வருஷம் எரிஞ்சது ஒரு நாள் தானா அடங்கிப்போச்சு, பாத்தியா நம்ம ஒடம்புன்னு பெருமை வேற. 2023 மார்ச்ல சொந்தக்காரங்க கல்யாணத்துல ஒரு கறித்துண்டு நெஞ்சுக்கு நடுவுல நின்னுக்கிச்சு. உள்ளயும் போகல வெளியவும் வரல, பந்தியில உக்காந்துக்கிட்டு முழிக்கிறேன். அதுக்கப்புறம் போய் பாத்தா உணவுக்குழாயோட அடிப்பக்கம் தோல் மாறியிருக்கு, பாரெட்ஸ்னு எழுதிக் குடுத்தாங்க. கேன்சர் இல்ல. ஆனா கேன்சருக்கு முந்தின படின்னு சொல்றது அதத்தான்.

புது தோல் ஆசிட்ட நல்லா தாங்குமாம், அதனாலயே சில பேருக்கு எரிச்சல் கம்மியா தெரியும்னார் டாக்டர். எனக்கு அப்பதான் சுருக்குன்னுச்சு.

போய் பாருங்க. நாளைக்கு விளக்கமா எழுதறேன், கடை சாத்திட்டு வந்து கண்ணு சொருகுது.

பிப்ரவரி 12

நான் கடலூர் திருப்பாப்புலியூர்ல மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருக்கேன், அதனால எனக்கு புரிஞ்ச பாஷையில சொல்றேன். ஸ்டேட்டர்ல, அதாவது மோட்டாரோட சுத்தாத இரும்புக் கூட்டுல, ஸ்லாட்டுக்குள்ள காயில் போடறதுக்கு முன்னாடி மில்லினெக்ஸ் பேப்பர் விடுவோம், அதுதான் கம்பிய இரும்புல படாம காக்கறது. மோட்டார் தினமும் சூடேறுனா பேப்பர் பழுத்து கருகும். உணவுக்குழாய் உள்தோலும் அந்த பேப்பர் மாதிரிதான். வயித்துக்குள்ள இருக்கற ஆசிட்ட தாங்கற தோல் வயித்துக்கு இருக்கு, மேல இருக்கற குழாய்க்கு கெடையாது. நடுவுல இருக்கற வால்வு லூஸ் ஆனா ஆசிட் மேல ஏறும், பேப்பர் கருகும், அதுதான் பாரெட்ஸ்.

எனக்கு வால்வு லூஸ் ஆனதுக்கு ஹையாட்டஸ் ஹெர்னியா, அதாவது வயித்தோட மேல்பக்கம் நெஞ்சுக்குள்ள ஏறிக்கறது, ஒரு காரணம், தொப்பை ஒரு காரணம். மூணாவது தொழில். மத்தியானம் நல்லா தின்னுட்டு அப்படியே ஸ்டேட்டர் மேல குனிஞ்சு ரெண்டு மணி நேரம் காயில் எறக்குவேன், வயித்த மடிச்சு அமுக்கிக்கிட்டே. இருபத்தஞ்சு வருஷம்.

பிப்ரவரி 13

நேத்து எழுதுன கருகல் உதாரணம் தப்பு. ஒருத்தர் தனியா மெசேஜ் போட்டு திருத்தினார், அவர் சொல்றதுதான் சரி. ஆசிட் பட்டு புண்ணாகறது வேற, அது ஆறிடும். பாரெட்ஸ்ன்றது கருகின பேப்பர் இல்ல, கருகின எடத்துல ஒடம்பே வேற ரக பேப்பர கொண்டாந்து ஒட்டறது. குழாய்ல இருக்க வேண்டியது ஓடு அடுக்குன மாதிரி தட்டையான செல். அது போயி குடல்ல இருக்கற மாதிரி நெட்டையான செல் வந்து உக்காந்துக்குது, நடுநடுவுல சளி சுரக்கற குடுவை மாதிரி செல்லு. கோப்லெட் செல்னு ரிப்போர்ட்ல எழுதுவாங்க. தப்பான எடத்துல சரியான தோல். அது அதோட வேலைய ஒழுங்கா செய்யற வரைக்கும் தொல்லை இல்ல, கோணல் மாணலா வளர ஆரம்பிச்சா அதுக்கு பேருதான் டிஸ்பிளேசியா. லோ கிரேடு, ஹை கிரேடுன்னு ரெண்டு படி. அதுக்கு அடுத்தது நமக்கு வேண்டாம்.

இன்னொண்ணு, பாரெட்ன்றது ஆள் பேரு. நார்மன் பாரெட், ஆஸ்திரேலியாவுல பொறந்து லண்டன்ல இருந்த சர்ஜன். 1950ல அவர் எழுதுனது என்னன்னா இது உணவுக்குழாயே இல்ல, குழாய் குட்டையா இருக்கறதால வயிறு மேல இழுத்துக்கிட்டு வந்திருக்குன்னு. 1953ல வேற ரெண்டு பேர், இல்ல இது குழாய்தான், தோல்தான் மாறியிருக்குன்னு காட்டுனாங்க. 1957ல அவரே ஒத்துக்கிட்டார். தப்பா சொன்னவர் பேருதான் நெலச்சிருக்கு. நானும் நேத்து தப்பா சொன்னேன், என் பேர எதுக்கும் வைக்க மாட்டாங்க.

பிப்ரவரி 18, ஞாயிறு

குழாய் விடறது எப்படி இருக்கும்னு கேட்டிருக்கீங்க. பயப்படற அளவு இல்ல, ஆனா ஒண்ணுமே இல்லன்னு சொல்றவன் பொய் சொல்றான். வெறும் வயித்துல வரச்சொல்வாங்க. தொண்டையில ஒரு ஸ்ப்ரே, கசப்புன்னா கசப்பு, ரெண்டு நிமிஷத்துல எச்சி முழுங்கறதே மறந்துபோற மாதிரி மரத்துடும். இடது பக்கம் ஒருக்களிச்சு படுக்க வச்சு, பல்லு கடிக்காம இருக்க வாயில ஓட்டை போட்ட பிளாஸ்டிக் ஒண்ண சொருகுவாங்க. அப்புறம் கறுப்பு குழாய். குமட்டும், கண்ணுல தண்ணி வரும், நர்ஸ் அம்மா மூக்கால மூச்சு விடுங்கன்னு முதுக தட்டிக்கிட்டே இருந்தாங்க. மயக்க ஊசி கேட்டாலும் குடுப்பாங்க, ஆனா அன்னிக்கு வண்டி ஓட்டக்கூடாது, கூட ஆள் வரணும். எனக்கு ஆள் இல்லாததால ஸ்ப்ரேயோட விட்டுட்டேன்.

ஸ்கிரீன் என் பக்கம் திரும்பி இருந்துச்சு. மேல இருந்து வர்றப்போ தோல் வெளிறிப்போன ரோஸ், முத்துச்சிப்பி உள்பக்கம் மாதிரி. அடியில வந்ததும் செவப்பா நாக்கு நீட்டுன மாதிரி ரெண்டு பட்டை மேல ஏறி நிக்குது. அதுதான்னார். சால்மன் கலர்னு புஸ்தகத்துல சொல்வாங்கன்னார். வீட்ல வந்து சொன்னா, எங்க வீட்டம்மா ஓ.டி., அதாவது கடலூர் ஓல்டு டவுன், துறைமுகத்து பொண்ணு, சால்மன்னா நம்ம காலா மீன்தானே, அது வெள்ளையால்ல இருக்கும்னு கேக்கறா. அந்த சால்மன் வேறடின்னு நெட்ல படம் காட்டுனேன். ஓ, சங்கரா தோல் மாதிரின்னு சொல்லுங்கன்னு முடிச்சிட்டா.

பட்டையோட நீளத்தையும் குறிப்பாங்க. எனக்கு சி 0, எம் 2. சி ன்னா குழாய சுத்தி வளையமா எவ்ளோ சென்டிமீட்டர் ஏறியிருக்கு, எம் ன்னா உச்சபட்ச நாக்கு எவ்ளோ. பிராக் அளவுன்னு பேரு. 3 சென்டிமீட்டருக்கு கீழ இருந்தா குட்டை ரகம். நீளம் கூடக்கூட ஆபத்தும் கூடும், அதனால ரிப்போர்ட்ல இந்த ரெண்டு நம்பரும் இல்லன்னா கேட்டு எழுதி வாங்குங்க.

பிப்ரவரி 18, சாயங்காலம்

சொல்ல விட்டது. என்னோட மொத எண்டோஸ்கோபியில, எந்த எடம்னு சொல்ல மாட்டேன், சோதனைக்கு சதை மொத்தமே ரெண்டு துண்டுதான் எடுத்தாங்க, பயாப்ஸின்னு சொல்றது. எடுக்க வேண்டிய முறை என்னன்னா ஒவ்வொரு 2 சென்டிமீட்டருக்கும் நாலு பக்கத்துலயும் ஒவ்வொண்ணு, முன்னாடியே டிஸ்பிளேசியான்னு வந்திருந்தா 1 சென்டிமீட்டருக்கு நாலு. டிஸ்பிளேசியா ஆன செல் தனியா கலர் காட்டாது, பொடவையில அந்துப்பூச்சி அரிச்ச மாதிரி அங்கங்க இருக்கும், ரெண்டு எடத்துல கிள்ளிப் பாத்துட்டு பொடவை நல்லாருக்குன்னு எப்படி சொல்றது?

மார்ச் 3

கடையில வேலைக்காரப் பையன் லீவு, அதான் ரெண்டு வாரமா எழுதல.

ரெண்டு துண்டு ரிப்போர்ட் என்ன சொல்லுச்சுன்னு கேட்டிருக்கீங்க. லோ கிரேடு டிஸ்பிளேசியா. அத படிச்சுட்டு கெடிலம் பாலத்து மேல வண்டிய ஓரங்கட்டிட்டு எவ்ளோ நேரம் நின்னேன்னு தெரியல. பொண்ணு அப்ப பிளஸ் டூ.

பாண்டியில ஒரு டாக்டர்கிட்ட போனேன். அவர் ரிப்போர்ட்ட ஓரமா வச்சுட்டு, பிளாக் எங்கன்னார். எனக்கு பிளாக்குன்னா சிமெண்டு கல்லுதான் தெரியும். எடுத்த சதைய மெழுகுக்குள்ள பதிச்சு வச்சிருப்பாங்களாம், அத லேப்ல கேட்டு வாங்கிட்டு வாங்க, வேற நோய்க்குறி நிபுணர் பாக்கணும், லோ கிரேடுன்றது ஒருத்தர் கண்ணால மட்டும் முடிவு பண்ற விஷயம் இல்லன்னார். லேப்ல கேட்டா மொதல்ல எதுக்கு ஏன்னு இழுத்தடிச்சாங்க, எழுதிக் குடுத்ததும் குடுத்துட்டாங்க. நம்ம சதை, கேக்கலாம், கூச்சப்படாதீங்க.

தீப்பெட்டிய விட சின்னது. பிளாஸ்டிக் சட்டம், அதுக்கு மேல வெள்ளை மெழுகு, மெழுகுக்குள்ள கடுகுல பாதி அளவுக்கு ரெண்டு பழுப்பு புள்ளி. பதினோரு வருஷமா மாத்திரை தின்னது, பாலத்து மேல நின்னது எல்லாம் அந்த ரெண்டு புள்ளிக்காக. மே மாசம், அக்னி நட்சத்திரம். பாண்டி பஸ்ல ஜன்னல் சீட்டுல வெயில் நேரா மடியில அடிக்குது, எனக்கு ஒரே பதட்டம், மெழுகு உருகி புள்ளி ரெண்டும் ஓடிப்போச்சுன்னா? ரெட்டிச்சாவடி தாண்டுறதுக்குள்ள எந்திரிச்சு நெழல் பக்கம் போயி நின்னுக்கிட்டேன், தண்ணி பாட்டில ஈரத்துணியில சுத்தி பிளாக்க அதுக்கு பக்கத்துல வச்சு, கொழந்தைய தூக்கிட்டு போற மாதிரி. லேப்ல அந்த தம்பி சிரிக்கிறார், அண்ணே அது 60 டிகிரி கிட்ட போனாத்தான் உருகும், அதுக்குள்ள நீங்க வெந்துடுவீங்கன்னு.

ரெண்டாவது நிபுணர் சொன்னது: அழற்சி நெறைய இருக்கு, அதனாலயே செல் அப்படி தெரியுது, லோ கிரேடுன்னு சொல்ல முடியாது. ஆசிட்ட நல்லா அடக்கிட்டு மூணு மாசம் கழிச்சு திரும்ப எடுங்க.

2023 செப்டம்பர்ல திரும்ப எடுத்தாங்க, இந்த வாட்டி எட்டு துண்டு. டிஸ்பிளேசியா இல்ல, பாரெட்ஸ் மட்டும்.

மார்ச் 4

"அப்ப மொத லேப் ஃபிராடா?" இல்லங்க. இது ஒலகம் பூரா இருக்கற பிரச்னை. 2010ல நெதர்லாந்துல, வெளி ஆஸ்பத்திரிங்கள்ல லோ கிரேடுன்னு எழுதுன 147 பேரோட ஸ்லைட இதுலயே ஊறின நிபுணர்கள் திரும்ப பாத்தாங்க, 85 சதவீதம் பேருக்கு லோ கிரேடே இல்லன்னு எறங்கிடுச்சு. ஆனா மிச்சம் இருந்தவங்களுக்கு ஆபத்து நெசமாவே ஜாஸ்தியா இருந்துச்சு. அதனால ரெண்டாவது கண்ணு பாக்கறது சந்தோஷத்துக்காக மட்டும் இல்ல.

மார்ச் 4, திரும்பவும்

மொத நாள் நான் எழுதுனத பாத்து ரெண்டு பேர் பயந்துபோய் எழுதியிருக்காங்க. கேன்சருக்கு முந்தின படின்னு சொன்னதால அடுத்த படி நிச்சயம்னு எடுத்துக்கிட்டாங்க போல. இன்னொரு எழைல வருஷத்துக்கு நூத்துல ஒருத்தருக்கு வரும்னும் நானே எழுதியிருந்தேன், அதுவும் பழைய கணக்கு. 2011ல டென்மார்க்ல 11,028 பாரெட்ஸ் ஆளுங்கள வச்சு பாத்த கணக்கு வருஷத்துக்கு 0.12 சதவீதம். ஆயிரம் பேர்ல ஒரு வருஷத்துக்கு ஒருத்தர் சொச்சம். ஹை கிரேடு ஆனா கதை வேற, அங்க வருஷத்துக்கு நூத்துல ஆறேழு பேர்னு ஏறிடும். அதுக்கும் வயித்த கிழிக்காம எண்டோஸ்கோபி வழியாவே ரேடியோ அலை சூட்டுல அந்த தோல சுட்டு எடுக்கறாங்க, மேடா இருந்தா சீவி எடுக்கறாங்க. சுட்ட எடத்துல ஆசிட்ட அடக்கி வச்சா பழைய தட்டை தோலே திரும்ப வளருது.

பீதிய கெளப்புனதுக்கு மன்னிச்சுக்குங்க.

மார்ச் 24

எங்க மாமா கதைய சொல்லணும், அம்மாவோட தம்பி. ஓ.டி.யில ஐஸ் கம்பெனி வேலை, வாயில எப்பவும் வெத்தலை பொகையில. 2008ல மொதல்ல தோசை எறங்கலன்னார், அப்புறம் சோறு, அப்புறம் கஞ்சி. தண்ணி எறங்கலன்னு சொன்னப்பதான் கூட்டிட்டு போனோம். 2009 பொங்கலுக்கு அவர் இல்ல. எனக்கு பாரெட்ஸ்னு சொன்னதும் அம்மா மொதல்ல அழுதது தம்பிய நெனச்சுத்தான், குடும்பத்துலயே இருக்குன்னு.

நானும் அப்படித்தான் நெனச்சேன், அதத்தான் இங்க எழுத வந்தேன், எழுதறதுக்கு முன்னாடி நல்ல வேளையா டாக்டர்கிட்ட கேட்டேன். ரெண்டும் வேற வேற பாதையாம். ஆசிட் பாதையில வர்றது குழாயோட அடியில, தோல் குடல் ரகமா மாறி அப்புறம் அடினோன்னு ஒரு ரகம். அது வெள்ளக்காரங்க ஊர்ல ஜாஸ்தி. மாமாவுக்கு வந்தது ஸ்குவாமஸ், அந்த தட்டை செல் தட்டை செல்லாவே இருந்து கெட்டுப்போறது, பெரும்பாலும் குழாயோட நடுவுல. நம்ம நாட்டுல இதுதான் ஜாஸ்தி. பொகையில, வெத்தலை பாக்கு, பீடி, சாராயம், இதுங்கதான் காரணம். அங்கயும் முந்தின படி உண்டு, ஆனா வெளிச்சத்துல சும்மா பாத்தா தெரியாது. அயோடின் தண்ணிய குழாய்க்குள்ள தெளிப்பாங்களாம். நல்ல தோல்ல கிளைகோஜன் இருக்கறதால பழுப்பா மாறும், கெட்ட எடம் மட்டும் வெளிறி நிக்கும். பள்ளிக்கூடத்துல சோத்துல அயோடின் ஊத்துவோமே, அது நீலமாகும், இது பழுப்பு.

இந்த எழைய படிக்கறவங்க நெஞ்செரிச்சல் இல்ல, அதனால நமக்கு ஒண்ணும் இல்லன்னு பொகையிலைய மென்னுக்கிட்டே படிச்சா, மாமாவுக்கு ஒரு நாளும் நெஞ்செரிச்சல் இருந்ததில்ல.

மார்ச் 26

சூடா டீ குடிச்சா கேன்சர் வருமான்னு கேட்டவருக்கு. 65 டிகிரிக்கு மேல ரொம்ப சூடா குடிக்கறத "வாய்ப்பு இருக்கு" பட்டியல்ல 2016ல ஒலக சுகாதார அமைப்போட கேன்சர் ஆராய்ச்சி நிறுவனம் சேத்துச்சு. டீ தப்பில்ல, சூடுதான். பேரிங் சூடு பாக்க வச்சிருக்கற துப்பாக்கி தெர்மாமீட்டர எடுத்துட்டு போயி மஞ்சக்குப்பத்துல ஒரு டீக்கடையில கிளாஸுக்கு நேரா பிடிச்சேன், 71 காட்டுச்சு. மாஸ்டர், இன்னா சார் ஃபுட் இன்ஸ்பெக்டரான்னார். இப்ப ரெண்டு ஆத்து எக்ஸ்ட்ரா ஆத்தி குடுக்கறார்.

ஏப்ரல் 14

மாத்திரை பத்தி. நான் பதினோரு வருஷம் பேன் 40 சாப்ட்டுட்டு போட்டிருக்கேன். சாப்பாட்டுக்கு அரை மணியில இருந்து ஒரு மணி முன்னாடி போடணும். வயித்துல ஆசிட் எறைக்கற பம்பு இருக்கு, புரோட்டான் பம்புன்னே பேரு. சோறு வர்றப்பதான் அது ஸ்டார்ட் ஆகும், ஓடற பம்பத்தான் மாத்திரை புடிக்கும். அதனால மாத்திரை முன்னாடியே ரத்தத்துல போயி காத்துக்கிட்டு இருக்கணும். ஊர்ல நின்னுபோன பம்பையெல்லாம் நான் ஓட வைக்கிறேன், என் பம்ப நிறுத்த தினமும் காசு குடுக்கறேன்.

மாத்திரையால அந்த தோல் பழையபடி ஆயிடுமான்னா, பொதுவா ஆகாது. மேல போகாம இருக்க உதவும். 2018ல பிரிட்டன்லயும் கனடாவுலயும் 2,557 பேர வச்சு பண்ண பெரிய சோதனையில அதிக டோஸ் எசோமெப்ரசோலும் (பேன் மாதிரியே ஆசிட்ட அடக்கற மாத்திரை) ஆஸ்பிரினும் சேத்து சாப்பிட்டவங்க நல்லா இருந்தாங்க. இத படிச்சுட்டு ஆஸ்பிரின் வாங்கி முழுங்காதீங்க, வயித்துல ரத்தக்கசிவு வரும், டாக்டர் சொன்னா பாத்துக்கலாம்.

கட்டில் தலைமாட்டுக்கு கீழ செங்கல் வச்சு ஒசத்தியிருக்கேன். தலைகாணி அடுக்கறது வேலைக்கு ஆகாது, வயிறுதான் மடியும். மொத வாரம் வீட்டம்மா காலையில எந்திரிக்கறப்போ கட்டிலோட கால்மாட்டுல இருந்தா.

ஏப்ரல் 15

திருவதிகைக்கு போயி திருநீறு வாங்கி சாப்பிடுங்க, அப்பரோட சூலை நோயே தீந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. போனேன் சார், அம்மா விடல. பண்ருட்டி வரைக்கும் போயிட்டு பலாப்பழம் வாங்காம வர முடியுமா, அன்னிக்கு ராத்திரிதான் எனக்கு எரிச்சல் ஏறுச்சு. அப்பர கல்லுல கட்டி கடல்ல போட்டாங்க, எங்க ஊர்ல கரையேறுனார், கரையேறவிட்ட குப்பம்னே எடம் இருக்கு. அந்த நெஞ்சுரம் எனக்கு கெடையாது, நான் மாத்திரையும் போடறேன்.

டிசம்பர் 22

ரொம்ப நாள் ஆச்சு. செப்டம்பர்ல ஒரு வருஷ செக்கப் போயிருக்கணும், இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளுனேன். நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல், ரெண்டு நாள்ல தென்பெண்ணை வந்து ஊருக்குள்ள பூந்துடுச்சு. கடைக்கு வெளிய ரோடு வரைக்கும் சேறு அப்புன மோட்டாரா அடுக்கி கெடக்கு, போர் மோட்டார், மில்லு மோட்டார், கிரைண்டர் வரைக்கும். காலையில ஆறு மணிக்கு குனிஞ்சா ராத்திரி பதினொண்ணு. சாப்பாடு நேரம் இல்ல, மாத்திரை ஞாபகம் இல்ல. எரிச்சல் திரும்ப வந்துடுச்சு.

ஒரு விதத்துல அது வந்ததுல எனக்கு நிம்மதின்னு சொன்னா சிரிப்பீங்க.

2025 பிப்ரவரி 2

போன வாரம் பாத்தாச்சு. அதே சி 0, எம் 2, எட்டு துண்டு, டிஸ்பிளேசியா இல்ல. குட்டை ரகம், டிஸ்பிளேசியா இல்லாததுக்கு இப்ப அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை போதும், நீளமானதுக்கு மூணு வருஷம்னார். எனக்கு ஒரு தடவை லோ கிரேடு சந்தேகம் வந்ததால மூணு வருஷத்துல வாங்கன்னு எழுதியிருக்கார். 2028. அப்ப பொண்ணு காலேஜ் முடிச்சிருப்பா.

பிப்ரவரி 9

மொத கேள்வி கேட்டவர் ஒரு வருஷம் கழிச்சு நேத்து கடைக்கே வந்துட்டார், வெள்ளத்துல போன மோட்டார தூக்கிக்கிட்டு. அவர்தான் இவர்னு தெரியாம மோட்டார் வெலை பேசிக்கிட்டு இருந்தேன். போன ஏப்ரல்லயே எண்டோஸ்கோபி பாத்துட்டாராம், தோல் சுத்தமா இருக்கு, சின்ன ஹெர்னியா மட்டும். அப்ப உங்களுக்கு எரிச்சல் ஏன் நின்னுச்சுன்னேன், ஏன்னா என் மொத பதிவே அத வச்சுத்தான் பயமுறுத்துச்சு. நைட் ஷிப்ட் நின்னதுல இருந்து ராத்திரி பதினோரு மணி பரோட்டா சால்னா நின்னுபோச்சுங்க, ஒம்போது கிலோ கொறஞ்சிருக்கேன்னார்.

அதனால மொத நாள் பதிவுல எரிச்சல் நின்னத பத்தி எழுதுனது என் கதை, எல்லாருக்கும் அப்படித்தான்னு எடுத்துக்க வேண்டாம். குழாய் விட்டுப் பாத்ததாலதான் எது அவர் கதை எது என் கதைன்னு தெரிஞ்சுது. மோட்டார் வியாழக்கெழமை ரெடி ஆயிடும், பேரிங்கும் மாத்தணும் சார், அதுக்கு தனி.